அறியாமையும் செயற்பொறுப்பும்: ஒரு நோயின்வழி எழும் சிந்தனை

மனிதன் எப்பொழுதும் முழு அறிவோடு செயற்படுவதில்லை. விதைக்கும் உழவன் வரப்போகும் மழையை அறியான்; கரைவலை இழுக்கச் செல்பவன் அன்றைய கடலை அறியான். எனினும் விதைப்பும் வலைவீச்சும் நின்றுவிடவில்லை. அறிவு குறைந்த நிலையிற் செய்த செயல் பிழைத்துவிடுமாயின் அதன் பொறுப்பு யாரைச் சாரும்? அறிவு நிறையும்வரை காத்திருந்தமையால் ஒருவருக்குத் தீங்கு நேருமாயின், காத்திருந்தவர் தாம் யாதொன்றும் செய்யவில்லை என்று கூறித் தம்மை விடுவித்துக்கொள்ளல் இயலுமா? ஒழுக்கவியலின் பழைய வினாக்களுள் இவ்விரண்டும் அடங்கும். இவற்றை வெறும் பொதுமையில் வைத்து ஆராய்வதினும், குறிப்பிட்ட ஒரு நோயை முன்னிறுத்தி ஆராய்வது பயனுடையது. நோயின் முன்னிலையில் விடையை நாளைக்கென்று ஒத்திவைக்க முடியாது என்பதே அதற்குக் காரணம்.

1894ஆம் ஆண்டிலே பிரான்சின் லியோன் நகரத்து வைத்தியர் யூஜேன் டெவிக், பார்வை நரம்பும் முண்ணாணும் ஒருங்கே தாக்கப்படும் ஒரு நோயைத் தனித்த ஒன்றாக எடுத்துக் காட்டினார். அவருடைய மாணவர் ஃபெர்னாண்ட் கோல் அதே ஆண்டில் அந்நோயையே தமது பட்ட ஆய்வின் பொருளாகக் கொண்டார். நியூரோமயலைட்டிஸ் ஒப்டிக்கா என்று மருத்துவ உலகம் வழங்குவது இதனையே. முண்ணாண் என்பது முள்ளந்தண்டின் உள்ளே ஓடும் நரம்புத் தண்டு. மூளையின் ஆணைகள் கைகால்களுக்குச் செல்வதும், உடலின் உணர்வுகள் மூளைக்கு மீள்வதும் அதன் வழியேயாகும். புறத்தேயிருந்து வரும் கிருமிகளை எதிர்த்துக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் உடலின் பாகத்தையே அயற்பொருளென மயங்கித் தாக்குவதால் இந்நோய் விளைகிறது. இது அரிதான நோய். ஆயினும் வந்த இடத்தில் ஒரு கண்ணின் ஒளியையோ இரு கால்களின் வலுவையோ சில நாள்களுள் கவர்ந்துவிட வல்லது. ஒவ்வொரு தாக்கமும் ஏதோவொரு சேதத்தை நிலையாக விட்டுச்செல்லக்கூடும் என்பதும், அடுத்த தாக்கம் எப்பொழுது வரும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதும் இந்நோயின் கொடுமைகள்.

இந்நோய் ஒரு வீட்டினுள் எவ்வாறு நுழைகிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சாய்ந்தமருதில் வாழும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவள் முப்பது வயதைக் கடந்தவள். இரு பிள்ளைகளின் தாய். வீட்டிலிருந்தே தையல் தைப்பவள். ஒருநாட் காலையில் வலக்கண்ணை அசைக்கும்போதெல்லாம் உள்ளே நோகிறது. ஊசியிற் கோக்கும் சிவப்பு நூல் அந்தக் கண்ணுக்கு வெளிறித் தோன்றுகிறது. தலைவலியென்று உம்மா தைலம் தடவுகிறாள். கண்ணூறு என்கிறாள் அயல்வீட்டுப் பெண். கண்ணாடி மாற்றினாற் சரியாகும் என்கிறான் கணவன். சில வாரங்களில் பார்வை ஓரளவு மீள்கிறது. எல்லோரும் அதை மறந்துவிடுகின்றனர். சில மாதங்களின் பின்னர் விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் நில்லாது தொடர்கின்றன. வயிற்றுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. அதுவும் தணிகிறது. அதன் பின்னரே ஒருநாள் மார்பைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற இறுக்கமும், இரு கால்களிலும் மரமரப்பும், சிறுநீர் கழிக்க இயலாமையும் தோன்றுகின்றன. கண்ணுக்கு ஒரு வைத்தியர், வயிற்றுக்கு ஒரு வைத்தியர், காலுக்கு ஒரு வைத்தியர் என மூவரிடம் அவள் சென்றிருக்கிறாள். மூவரும் தத்தம் எல்லையுள் தவறிழைத்தவரல்லர். ஆனால் மூன்று துன்பங்களும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்பதைக் காணும் வாய்ப்பு அம்மூவருள் எவருக்கும் கிட்டவில்லை. நில்லாத விக்கலும் வாந்தியும் மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியை இந்நோய் தாக்குவதன் அறிகுறிகள் என்பது இன்று தெளிவாக அறியப்பட்டுள்ளது. கதையை முழுமையாகக் கேட்பவருக்கே அவ்வறிவு பயன்படும்.

இவ்விடத்தில் தத்துவ அறிஞர் இருவரின் கருத்து வேறுபாட்டை நோக்குவது பொருத்தமானது. ஆங்கிலேய அறிஞர் வில்லியம் கிளிஃபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையொன்றில், போதிய சான்றின்றி ஒன்றை நம்புவது எவருக்கும் எக்காலத்தும் ஒழுக்கக்கேடு என வாதித்தார். பழுதுபட்ட கப்பலைச் சோதியாமலே அது பத்திரமானதென்று நம்பிப் பயணிகளை ஏற்றியனுப்பும் உரிமையாளனை அவர் உதாரணமாகக் காட்டினார். கப்பல் கரைசேர்ந்தாலுங்கூட அவன் குற்றவாளியே என்பது அவர் துணிபு. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதனை மறுத்தார். வாழ்க்கையிற் சில வினாக்கள் விடையை வற்புறுத்துவன. அவற்றில் முடிவெடுக்காதிருப்பதும் ஒரு முடிவே. அதற்கும் தன் இழப்பு உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

மேலே கூறிய பெண்ணின் படுக்கையருகே நிற்கும் வைத்தியர் இவ்விருவருள் யாரைப் பின்பற்றுவது? சான்று போதாதென்று அவர் காத்திருந்தால் முண்ணாணின் அழற்சி அவருக்காகக் காத்திருக்கப்போவதில்லை. இந்நோயின் தாக்கத்தின்போது மெதைல்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்தை நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் ஏறத்தாழ ஐந்து நாள்களுக்கு நாளத்தின் வழியே ஏற்றுவது வழக்கம். அது பயன் தராவிடின், குருதியின் திரவப்பகுதியைப் பிரித்தெடுத்து, அதனுடன் சேர்த்து நோய்க்குக் காரணமான பிறபொருளெதிரிகளை அகற்றி, பதிலுக்கு வேறு திரவத்தை ஏற்றும் சிகிச்சையை மேற்கொள்வர். இவை எவ்வளவு விரைவிலே தொடங்கப்படுகின்றனவோ அவ்வளவுக்குப் பார்வையும் நடையும் மீளும் வாய்ப்பு மிகுதி. ஆகவே இங்கே காத்திருத்தல் நடுநிலையன்று. அதுவும் ஒரு செயலே. ஜேம்ஸின் பக்கம் நியாயம் சாய்வதுபோலத் தோன்றுகிறது.

எனினும் கிளிஃபர்டை அவ்வளவு எளிதிலே ஒதுக்கிவிடல் இயலாது. காசநோயும் முண்ணாணையும் பார்வை நரம்பையும் தாக்கக்கூடியது. நமது பிரதேசங்களில் அது இன்னும் அற்றுப்போய்விடவில்லை. காசநோயாளியை வேறாகக் கருதி, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தை மட்டும் ஆராயாது கொடுத்தால், தடையற்ற வயலிலே களை பரவுவதுபோல் கிருமி பரவும். செயற்படவேண்டும் என்ற அவசரம், ஆராயவேண்டும் என்ற கடமையை அழித்துவிடுவதில்லை. கப்பலை உடனே செலுத்தவேண்டிய நிலை வரலாம்; அப்பொழுதுங்கூட அதன் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே செலுத்தவேண்டும். இருவர் கூற்றிலிருந்தும் ஒரு விதியைப் பெறலாம். பிந்தினால் மீளாத இழப்பு நேரும் இடத்தில், நிறைவற்ற அறிவோடும் செயற்படுவது கடமை. ஆனால் அச்செயல் திருத்தத்துக்கு இடந்தருவதாக இருத்தல் வேண்டும்.

திருத்தத்துக்கு இடந்தருதல் என்பதன் பொருளை இந்நோயின் வரலாறே விளக்குகிறது. டெவிக் எடுத்துக்காட்டிய பின்னரும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் வேறொரு நரம்பு நோயின் ஒரு வகையாகவே இது பலராலும் கருதப்பட்டது. யப்பானிலும் ஆசியாவின் பிற நாடுகளிலும் கண்ணையும் முண்ணாணையும் சார்ந்தே வரும் நோயை அந்நோயின் ஆசிய வகை என்று வழங்கினர். இரண்டிலும் பார்வை மங்கும். இரண்டிலும் கால்கள் சோரும். ஒன்றென மயங்கியதிலே வியப்பில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வான்டா லெனன் முதலானோர் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்திலிருந்தும், அவர்களோடு இணைந்து யப்பானிய ஆய்வாளரும், இந்நோயாளரின் குருதியிலே காணப்படும் தனித்த ஒரு பிறபொருளெதிரியை அறிவித்தனர். அது தாக்கும் இலக்கு அக்குவாபோரின்-4 என்னும் புரதமே என்பது மறு ஆண்டில் தெளிவாயிற்று. கலங்களுக்குள் நீர் புகும் வாயில்களாகிய அக்குவாபோரின்களைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் ஆகர் 2003இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். நீர் எவ்வாறு கலத்தினுள் செல்கிறது என்று ஆராய்ந்தவரின் கண்டுபிடிப்பு, பார்வை இழப்பின் காரணத்தை அறிய உதவிற்று.

இவ்வேறுபாடு ஏட்டளவிலான ஒன்றன்று. மல்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் நோய்க்கு நன்மை தரும் இன்டர்ஃபெரோன் பீட்டா, நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமொட் போன்ற மருந்துகள் இந்நோயாளருக்குப் பயன் தராததோடு நோயை மோசமாக்கவும் கூடும் என்பது பின்னர் உணரப்பட்டது. அப்படியாயின் 2004இற்கு முன்னர் நல்லெண்ணத்தோடு அம்மருந்தைக் கொடுத்த வைத்தியர்கள் குற்றவாளிகளா? அல்லர். அவர்கள் காலத்தின் அறிவு எதுவோ அதனைக் கொண்டே அவர்கள் செயற்பட்டனர். ஆனால் புதிய அறிவு வெளிவந்த பின்னர், முதலில் எழுதிய பெயரை மாற்ற மனமில்லாமல், மருந்து கொடுத்தும் தாக்கங்கள் மிகுவதைக் கண்டும் மீளச் சோதியாதிருப்பவர் அதே மன்னிப்புக்கு உரியவராகார். அறியாமை குற்றமாவதில்லை, அறிவு வந்து கதவைத் தட்டும்போது திறவாதிருத்தலே குற்றமாகிறது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் அல்-றாஸி பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி எழுதிய நூலின் பெருமையும் இத்தகையதே. ஒரே காய்ச்சலென்று மயங்கத்தக்க இரண்டை இரண்டாகக் காணும் பொறுமை அவரிடம் இருந்தது.

பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட், 1637இல் வெளியிட்ட தமது நூலிலே, காட்டில் வழிதவறியவன் அங்குமிங்கும் அலையாது ஏதேனும் ஒரு திசையிற் சோராது நடக்கவேண்டும் என்று அறிவுரை கூறினார். அது வழிப்போக்கனுக்கு ஏற்ற அறிவுரையாகலாம். வைத்தியருக்குப் பாதியே ஏற்றது. அவர் நடக்கத்தான் வேண்டும்; ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, தாம் வந்த வழி சரிதானா என்று பார்க்கவும் வேண்டும். நடப்பவர் தாம் மட்டுமல்லர், தம் தோளிலே இன்னொருவரைச் சுமந்து நடக்கிறார் என்பதை அவர் மறத்தலாகாது.

இதுவரை கூறியவை வைத்தியரின் பொறுப்பைப் பற்றியன. ஆனால் தாமதம் வைத்தியரிடத்து மட்டும் தோன்றுவதன்று. அறிவு உலகில் ஓரிடத்தில் இருக்கும். தேவைப்படுவோரை அது சென்றடைந்திராது. இதனைச் சாய்ந்தமருது மக்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. மேற்கூறிய கண்டுபிடிப்பு வெளியான அதே 2004 டிசெம்பரின் 26ஆம் நாளிலே சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தது. அதிர்வு நேர்ந்த செய்தி சிறிது நேரத்துள் பசுபிக் கடலிலுள்ள அவதானிப்பு நிலையத்துக்குத் தெரிந்திருந்தது. ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணிநேரம் எடுத்தது. இந்துசமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கையைக் கொண்டுசெல்லும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என நீண்ட கரையிலே மக்கள் வழமைபோல் நடமாடிக்கொண்டிருந்தனர். கடல் பொங்கியதற்கு எவரையும் குற்றங்கூற முடியாது. இருந்த செய்தி வந்து சேராமைக்கு மனித சமுதாயம் பொறுப்பேற்றே ஆகவேண்டும். நோயின் வருகைக்கும் நோயறிவின் வருகைக்கும் இடையேயுள்ள வேறுபாடும் இத்தகையதேயாகும்.

சாய்ந்தமருதிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. அரச வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணமில்லை என்பது இந்நாட்டின் பெருமை. எனினும் விசேட பரிசோதனைகளுக்கும் விசேட வைத்தியருக்குமாகச் செய்யும் பயணம், உடன்செல்வோரின் நாட்கூலி இழப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடல் ஆகியவை இலவசமல்ல. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியதையும் நாடு மறந்திருக்காது. மறுபுறத்தில், இந்நோய்க்கென 2019இல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட எக்குலிசுமாப் என்னும் மருந்தின் அன்றைய விலை ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் டொலருக்கு மேல் இருந்தது. ஆய்வொன்றில் அதனைப் பெற்றோருள் 100க்கு 3 பேருக்கே நோய் திரும்பியது. பெறாதோருள் 100க்கு 43 பேருக்குத் திரும்பியது. இத்துணைச் சிறந்த மருந்து உண்டென்ற அறிவு, அதனை எட்ட முடியாதவருக்கு ஆறுதலாகாது. சிலவேளை அது துயரத்தை மிகுவிக்கவும் செய்யும்.

ஆயினும் விலை உயர்ந்ததே வழியென்று எண்ணிச் சோர்வது தவறு. அசத்தியோபிறின், மைக்கொஃபெனலேற் ஆகிய பழைய மருந்துகள் பல ஆண்டுகளாக இந்நோயின் மீள்வரவைத் தடுக்கப் பயன்பட்டு வருகின்றன. நிணநீர்ப் புற்றுநோய்க்கென 1997இல் வந்த றிற்றுக்சிமாப் என்னும் மருந்தை யப்பானிலே இந்நோயாளரிடம் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டனர். சோதனையில் மருந்து பெற்ற 19 பேருள் ஒருவருக்கேனும் நோய் திரும்பவில்லை; பெறாத 19 பேருள் 7 பேருக்குத் திரும்பியது. அம்மருந்தை ஒத்த, விலை குறைந்த மருந்து 2007 முதல் இந்தியாவிலே தயாரிக்கப்பட்டு வருகிறது. மங்களூரில் நிட்டே பல்கலைக்கழகத்தின் நரம்பியல் ஆய்வு நிலையம், வைத்தியர் லேகா பண்டிட்டின் தலைமையில், பிறபொருளெதிரியைக் கண்டறியும் சோதனையைத் தன் ஆய்வுகூடத்திலேயே அமைத்து, இத்தகைய நோயாளரின் பதிவேட்டையும் பேணி வந்துள்ளது. இலங்கையில் நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, இங்குள்ள நோயாளரிடையே அக்குவாபோரின் பிறபொருளெதிரியைவிட, இந்நோயை ஒத்த மற்றொரு நோய்க்குரிய மொக் பிறபொருளெதிரியே மிகுதி எனக் காட்டியது. பிறநாட்டு ஏட்டிலுள்ளதை அப்படியே ஏற்காது இங்குள்ள மக்களின் குருதியைச் சோதித்தமையாற் கிட்டிய அறிவு அது. ஆகவே பிறர் அறிவுக்காகக் கைகட்டிக் காத்திருப்பதும் தவிர்க்கமுடியாத விதியன்று.

பொறுப்பின் இறுதிக் கூறு வீட்டைச் சார்ந்தது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என நான்கு கூறாகப் பகுக்கிறது. நான்காமவரை ஏனைய மூவரோடு சமமாக வைத்தமை கருதத்தக்கது. அக்குவாபோரின் பிறபொருளெதிரி உடைய இந்நோயாளருள் ஆண் ஒருவருக்குப் பெண்கள் ஒன்பது பேர்வரை காணப்படுகின்றனர். பெண்ணின் நோவு வீட்டு வேலையின் களைப்பென்று கருதப்படும் சமுதாயத்திலே, நோயறிதலின் முதற் தாமதம் அடுக்களையிலேயே தொடங்கிவிடுகிறது. கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதும், மணமான பின் கணவன் மனைவியின் வீட்டிலே வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். நோயுற்ற பெண் தன் வீட்டில், தாயும் சகோதரியரும் அயலிலிருக்க வாழ்கிறாள் என்பது பெரும் பேறு. அவ்வீட்டார் அவள் சொல்லை நம்பிக் கேட்பார்களாயின், அன்று கண்ணில் வந்ததையும் இன்று காலில் வந்ததையும் ஒன்றுசேர்த்து வைத்தியரிடம் கூறவல்லவர் அவர்களைவிட வேறெவருமில்லர்.

அவர்கள் தவிர்க்கவேண்டியதும் ஒன்றுண்டு. உடல் தன்னையே தாக்குகிறது என்று கேட்டதும், அவள் எதையோ செய்ததன் பலன் இது என்று எண்ணுவது மனித மனத்தின் பலவீனம். நிர்ப்பீடனத் தொகுதியின் மயக்கம் நோயாளியின் பாவமன்று; கண்ணூறுமன்று. அவள் நலமாகத் தோன்றும் நாள்களிலும் மருந்தை நிறுத்தலாகாது என்பதையும் வீட்டார் உணர்தல் வேண்டும். நோன்பு மாதத்திலே மருந்தைக் கைவிட்டேனும் நோன்பு நோற்க அவள் விரும்பக்கூடும். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையை எடுத்துரைத்து அவள் மனத்தை ஆற்றுவது, ஊர் உலமாக்களும் வைத்தியரும் இணைந்து செய்யத்தக்க பணியாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்தியர் தம் ஐயத்தை அவளிடமிருந்து மறைத்தலாகாது. உறுதியற்றதை உறுதியெனக் கூறினால் நோயாளி தளரமாட்டாள் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் அவ்வாறு கூறப்பட்ட பெயர் பின்னர் மாறுகையில் அவளுடைய நம்பிக்கை முழுவதும் சரிகிறது. “இன்று எமக்குத் தெரிந்தது இவ்வளவு, இதனைக்கொண்டு இச்சிகிச்சையைத் தொடங்குகிறோம், சோதனையின் முடிவு வேறாக வந்தால் மாற்றுவோம்” என்று கூறும் வைத்தியர், அவளைத் தம் முடிவிலே பங்காளியாக்குகிறார். மருந்தை ஏற்கும் உடல் அவளுடையது. எனவே ஐயத்தை அறியும் உரிமையும் அவளுடையதே.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறலாம். முழு அறிவின்றிச் செயற்படுவோர் அக்காரணத்தால் மட்டும் குற்றவாளிகளாகார். செயற்படாதிருப்போர் அக்காரணத்தால் மட்டும் குற்றமற்றவராகவும் ஆகார். இருக்கும் அறிவைத் தேடிப் பெற்றனரா, பிழை தெரிந்தவுடன் திருத்தினரா, தம் ஐயத்தை உரியவரிடம் ஒளியாது சொன்னாரா என்பனவே அவர்களை அளக்கும் அளவுகோல்கள். இவ்வளவுகோல் வைத்தியருக்கு மட்டும் உரியதன்று. கண் நோகிறதென்று சொன்ன மகளை நோக்கித் திரும்பும் தாய்க்கும், பரிசோதனை வசதியை எங்கே அமைப்பது என்று தீர்மானிக்கும் ஆட்சியாளருக்கும் அது பொருந்தும். சாய்ந்தமருதின் அப்பெண்ணுக்குச் சிவப்பு நூல் வெளிறித் தோன்றிய முதல் நாளிலேயே ஒருவர் அமர்ந்து அவள் சொல்வதைக் கேட்டிருப்பாராயின், அவள் இன்றும் தன் தையல் இயந்திரத்தின் முன்னே அமர்ந்திருக்கக்கூடும்.